மஞ்சள் உலையின் தாய்க்காசு

ஆன்சொங்,
குதிரை வருடம், ஏழாம் மாதம் 22

அரசு அக்கசாலைத் தணிக்கை எழுத்தர், மேன்மை தங்கிய பெக் இன்ஹோ அவர்களுக்கு,

இப்படித்தானே எழுத வேண்டும்? மூன்று வருடம் உங்களுக்குச் சோறு போட்டவள், எனக்கு வேறு மாதிரியும் எழுதத் தெரியும். ஆனால் அந்த மனிதருக்கு எழுத இப்போது என்னிடம் ஒன்றுமில்லை. எழுத்தருக்குத்தான் எழுதுகிறேன்.

அண்ணனைக் கொண்டுபோய்விட்டார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். எத்தனை அடி, எந்தத் தீவு, எல்லாம் உங்கள் கையெழுத்தில்தானே இருக்கிறது. அக்கசாலை முற்றத்தில் அவரைப் பலகையில் குப்புறக் கிடத்தி எண்பது அடி அடித்தபோது, நீங்கள் பேரேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். பித்தளை வியாபாரி கூ சொன்னார். "அடி விழும்போதெல்லாம் உங்க அண்ணன் உங்க வீட்டுக்காரரையேதாம்மா பாத்துக்கிட்டிருந்தாரு. கோவமா பாக்கல. அதான் எனக்கு வெளங்கல" என்றார். எனக்கும் விளங்கவில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

அப்பா போனபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, எனக்கு ஆறு. என்னை முதுகில் கட்டிக்கொண்டே துருத்தி மிதித்தவர் அவர். இந்த ஊரில் பித்தளைக் கிண்ணம் வார்த்துக்கொண்டிருந்த கையைப் பார்த்துவிட்டு, "தொக்சாம், நீ வா" என்று அரசாங்கக் காசு வார்க்கிற அக்கசாலைக்காரர்களே வந்து கூட்டிப்போய் உலைத் தலைவராக்கினார்கள். அந்த மனிதர் அரசாங்கச் செம்பைத் திருடினார் என்று எழுத உங்கள் தூரிகைக்கு எவ்வளவு மை செலவாயிற்று?

சாவிக்கொத்தை கூவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அரிசிப் பெட்டி, துணிப் பெட்டி, ஜாடி முற்றத்துக் கதவு, எல்லாச் சாவியும் அதில் இருக்கின்றன. கல்யாணத்தன்று கட்டிய குஞ்சமும் அப்படியே இருக்கிறது, எனக்கு வேண்டாம். இனி உங்கள் வீட்டை நீங்களே பூட்டித் திறந்துகொள்ளுங்கள்.

சோயா ஜாடிகளை வெயில் நாளில் காலையில் திறந்து வைக்க வேண்டும், சாயங்காலம் மூட வேண்டும். மழை வந்தால் ஓடிப்போய் மூட வேண்டும். உங்களுக்காகச் சொல்லவில்லை. ஜாடி என்ன பாவம் செய்தது.

ஒக்தான்


ஹான்யாங்,
ஏழாம் மாதம் 29

ஒக்தான்,

கூ வந்து சாவியைக் கொடுத்தார். மூன்று நாளாக மழை. ஜாடிகளை மூடித்தான் வைத்திருக்கிறேன்.

நீ எழுதியது சரி. பேரேட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். கீழே வைத்தால் ஓடிப்போய் அவர்மேல் விழுந்துவிடுவேன் என்று பிடித்துக்கொண்டிருந்தேன். இதை நீ நம்ப வேண்டியதில்லை.

என் பக்கத்தையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அக்கசாலையில் நான்கு உலைகள். குழந்தைகள் முதலில் படிக்கும் சீன எழுத்துகள் நான்கையே அவற்றுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்: வானம், பூமி, கருப்பு, மஞ்சள். எந்த உலை வார்த்த காசோ அந்த உலையின் எழுத்து காசின் பின்புறத்தில் இருக்கும். உலையை மறைக்க யாராலும் முடியாது. இந்த வசந்தத்தில் தெற்கு வாசல் சந்தையில் கீரைக்காரி என் காசைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மஞ்சளா? ஐயா, இது வேணாம். வேற காசு இருந்தா குடுங்க, இல்ல இதுலயே ஒண்ணு சேத்துக் குடுங்க" என்றாள். அன்றைக்கே மஞ்சள் உலைக் காசில் நூறு எடுத்துத் தராசில் வைத்தேன். நூற்றுக்குப் பதினொன்று எடை குறைவு. மற்ற மூன்று உலைகளும் சரியாக இருந்தன.

செம்பு ஜப்பானிலிருந்து வருகிறது. ஒவ்வொரு கட்டிக்கும் நாம் அரிசியும் துணியும் கொடுக்கிறோம். உலைக்கூலி, கரி, சேதாரம் எல்லாம் போக, நூறு காசு செலவில் நூற்றிருபது காசு வார்த்தால் அந்த இருபதுதான் கருவூலத்துக்கு மிச்சம். அந்த மிச்சத்தில்தான் வடக்கு எல்லையில் நிற்கிறவனுக்குக் கூலி போகிறது. அவன் கையில் போய்ச் சேர்ந்தது மஞ்சள் காசு. அரிசிக்கடையில் அதை வாங்க மறுத்திருக்கிறார்கள். நான் பேசாமல் இருந்திருக்க வேண்டுமா?

மூன்று முறை உன் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "மச்சான், காசு எடை கொறஞ்சா செம்பு மிஞ்சணும்ல. மிஞ்சினது எங்க? என்கிட்ட மட்டும் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்." அவர் சிரித்தார். "தின்னுட்டேன் மாப்ள. நல்லா செரிச்சுது." மூன்று முறையும் இதே பதில்தான்.

திருட்டு இல்லாமல் வேறு காரணம் இருக்குமா என்றும் தேடினேன். பெண்களை உலைப்பக்கம் விடுவதில்லை, அதனால் உனக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு உலைக்கும் கையால் செதுக்கிய தாய்க்காசு ஒன்று உண்டு, ஒன்றே ஒன்று. வசந்தம்தோறும் அதை மண்ணில் பதித்து அச்சுக்காசுகள் வார்ப்பார்கள். அச்சுக்காசுகளை மண்ணில் பதித்து, ஊருக்குப் போகும் காசுகளை வார்ப்பார்கள். உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் பிள்ளைக்காசு தாயைவிட எப்போதும் ஒரு மயிரிழை சிறியது. தாய்க்காசு தொலைந்துபோய், பழைய அச்சுக்காசையே தாயாக வைத்து வார்த்தால், வருடத்துக்கு வருடம் காசு சிறுத்துக்கொண்டே போகும். அப்படி ஏதாவது ஆகியிருக்குமோ என்று மஞ்சள் உலையின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே காசு இருந்தது. மூன்று வருடப் பேரேட்டிலும் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "தாய்க்காசு ஒன்று. உள்ளது." அதற்குமேல் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் உன் அண்ணன் என்பதால் மூடி மறைத்திருந்தால், அடுத்த வருடம் வேறொருவன் கண்டுபிடித்திருப்பான். அப்போது தலை போயிருக்கும். இதையும் நீ நம்ப வேண்டியதில்லை.

சோறு குழைந்துபோகிறது. தண்ணீர் எவ்வளவு வைப்பாய் என்று தெரியவில்லை.

இன்ஹோ

மறுநாள் காலை: கடிதத்தை மூடுவதற்குமுன் துணிப் பெட்டியைத் திறக்கச் சாவிக்கொத்தை எடுத்தேன். குஞ்சத்தில் ஒரு காசு கட்டியிருக்கிறது. இத்தனை வருடமும் உன் இடுப்பில் பார்த்ததுதான், கையில் எடுத்துப் பார்த்ததில்லை. இது உனக்கு எப்படி வந்தது? யார் கொடுத்தார்கள், எப்போது? உடனே எழுது. கூவிடமோ வேறு யாரிடமோ பேச வேண்டாம். எனக்கு மட்டும் எழுது.


ஆன்சொங்,
எட்டாம் மாதம் 6

எழுத்தர் அவர்களுக்கு,

உங்கள் தாய்க்காசு, பிள்ளைக்காசு, சேதாரக் கதையெல்லாம் பாதிக்குமேல் படிக்கவில்லை, மடித்து வைத்துவிட்டேன். அடுப்பில் போட்டிருப்பேன், காகிதம் நல்ல காகிதமாக இருந்தது.

கடைசியில் கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில். அந்தக் காசை யார் கொடுத்தார்கள் என்றா கேட்கிறீர்கள்? கல்யாணத்தன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

அண்ணன் அப்போது ஹான்யாங்குக்கு வெளியே குடியிருந்த வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு நான் பல்லக்கு ஏறுகிற நாள். உங்கள் பெரியம்மா என் சாவிக்கொத்தை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினார். "இதென்ன குஞ்சம், வெறும் நூலா இருக்கு? எங்க வீட்டுப் பொண்ணுங்களுக்குப் பத்துக் காசு கோத்துக் கட்டி அனுப்புவோம். நாட்டுக்கே காசு காய்ச்சுற வீடுன்னாங்க, பொண்ணுக்குக் கட்ட ஒரு காசுக்கு வழியில்லையா?" கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் அந்தக் கூட்டத்தில் எங்கோ குனிந்துகொண்டு நின்றிருப்பீர்கள்.

அண்ணன் எழுந்தார். குதிரை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அக்கசாலைக்குப் போய்வர அரை நாள். பல்லக்கைத் தூக்கவிடாமல் அத்தனை பேரையும் காக்கவைத்துவிட்டுத் திரும்பி வந்தார், மேலெல்லாம் புழுதி. மடியிலிருந்து ஒரு காசை எடுத்து என் குஞ்சத்தில் கட்டினார். அப்படிப்பட்ட காசை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கனம், மினுமினுப்பு, எழுத்தெல்லாம் நேற்றுச் செதுக்கியதுபோல. "இது போதுமா பெரியம்மா?" என்றார். உங்கள் பெரியம்மா வாயை மூடிக்கொண்டார். என் வாழ்நாளில் அன்றைக்கு நான் நிமிர்ந்து உட்கார்ந்ததுபோல் பிறகு உட்காரவில்லை.

பல்லக்குக்குள் தலையை நீட்டி, "தங்கச்சி, மூணு மாசத்துல வந்து வாங்கிக்கிறேன், பத்திரம்" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். மூன்றாம் மாதம் உண்மையாகவே வந்து கையை நீட்டினார். நான் காசைக் கைக்குள் பொத்திக்கொண்டு, "தர மாட்டேன், இது என்னோடது, முடிஞ்சா விரலைப் பிரிச்சு எடுத்துக்கோ" என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, வச்சுக்க. நான் சமாளிச்சுக்கறேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அப்படிப்பட்ட அண்ணன் எனக்கு.

கோபத்தில் அதையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். சாவி உங்களோடு இருக்கட்டும். அந்தக் காசை மட்டும் திருப்பி அனுப்புங்கள். இதற்கும் பேரேட்டில் எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹுக்சான் தீவிலிருந்து ஆள் வந்தான். அண்ணன் தங்கியிருப்பது கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கிற ஒரு பெண்ணின் வீட்டில். தொடைப் புண் ஆறவில்லையாம், நின்றால் ஒழுகுகிறதாம். பத்தாம் மாதக் கடைசியோடு படகு நின்றுவிடும், பிறகு வசந்தம்வரை ஒன்றும் இல்லை. அவர் இந்தக் குளிரைத் தாங்குவாரா என்று உங்கள் தராசில் போட்டுப் பாருங்கள்.

ஒக்தான்


ஹான்யாங்,
எட்டாம் மாதம் 18

ஒக்தான்,

சுருக்கமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

உன் அண்ணன் திருடவில்லை. ஒரு குன்றிமணி எடைகூட எடுக்கவில்லை. மஞ்சள் உலையின் தரை மற்ற உலைகளைவிட ஒரு சாண் உயரமாக இருப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம், யாரும் யோசித்ததில்லை. நேற்று நானும் இரண்டு கூலிக்காரர்களுமாகத் தோண்டினோம். மூன்று வருடத்தில் மிஞ்சிய உலோகம் முழுவதும் கட்டி கட்டியாக அங்கே அடுக்கியிருக்கிறது. வருடத்துக்கு ஒரு வரிசை, வரிசைக்கு நடுவில் வைக்கோல். எடை போட்டேன். என் பேரேட்டில் குறைந்ததும் குழியில் இருந்ததும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். கூலிக்காரர்கள் எனக்கு ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

தவறு என் பக்கம். என்ன தவறு என்பது உனக்குப் புரியாது, அலுவலகச் சங்கதி. இன்றே எழுதிக் கொடுக்கிறேன். கடைசிப் படகுக்குமுன் விடுதலை ஆணை தீவுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டுமோ செய்வேன்.

நீ கேட்ட காசு என்னிடம் இல்லை. பாலத்தில் நின்றுகொண்டு பார்த்தபோது கைதவறி ஓடையில் விழுந்துவிட்டது. தேடினேன், கிடைக்கவில்லை. குஞ்சத்தை மட்டும் அனுப்புகிறேன். அந்தக் காசைப் பற்றி இனி யாரிடமும் பேசாதே. கல்யாணக் கதையையும் யாரிடமும் சொல்லாதே, கூவிடம்கூட. என் பெரியம்மாவின் பேச்சு வெளியே போவது எனக்கு அவமானம். அதற்காகக் கேட்கிறேன்.

உன் ஆறாம் தேதிக் கடிதத்தையும் எரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இன்ஹோ


ஆன்சொங்,
ஒன்பதாம் மாதம் 3

உங்களுக்கு,

முதல் வரிகளைப் படித்ததும் முற்றத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி செத்த செய்தி என்று நினைத்து ஓடிவந்துவிட்டாள். "திருடலையாம், எங்க அண்ணன் திருடலையாம்" என்று அவளைக் கட்டிக்கொண்டு சொன்னேன். அவள், "அதான் எங்களுக்கு முன்னாடியே தெரியுமே" என்றாள். பித்தளை ஊர் முழுக்கத் தெரிந்தது, தராசு வைத்திருக்கிற உங்களுக்கு மட்டும் தெரியவில்லை. வசந்தத்திலேயே தோண்டியிருந்தால் எண்பது அடி மிச்சமாகியிருக்கும். இதை நான் சாகிறவரை சொல்லிக்கொண்டேதான் இருப்பேன், கேட்டுக்கொள்ளப் பழகுங்கள்.

ஆனால் கடைசியில் எழுதியது. ஓடையில் விழுந்ததா? ஒரு செப்புக்காசு குறைந்தால் மூன்று நாள் தூங்காத ஆள் நீங்கள். உங்கள் கையிலிருந்து எதுவும் தவறி விழுந்து நான் பார்த்ததில்லை. குஞ்சத்தைப் பார்த்தேன், முடிச்சு அவிழவில்லை. நூல் கத்தியால் அறுபட்டிருக்கிறது. எங்கள் மேல் இருந்த கோபத்தில் வேண்டுமென்றே வீசிவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அண்ணன் திரும்பி வரட்டும், அவரிடமே சொல்லிக்கொள்கிறேன்.

அவருக்குப் பஞ்சு வைத்து மேலங்கி தைத்துக்கொண்டிருக்கிறேன். படகிலிருந்து இறங்கியதும் போட்டுக்கொள்ளட்டும். அண்ணனுக்குக் கை நீளம், கடையில் வாங்கினால் மணிக்கட்டுக்கு வராது. நானே அளவு தெரிந்து வெட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. கூ நேற்று ஹான்யாங்கிலிருந்து வந்து, "அம்மா, உங்க வீட்டுக் கதவுல முத்திரைக் காகிதம் ஒட்டியிருக்காங்க. தெருவுல கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கல" என்றார். என்ன முத்திரை? எங்கே இருக்கிறீர்கள்? ஜாடிகளை யார் திறக்கிறார்கள்?

ஒக்தான்


நாஜு துறைமுகம்,
பத்தாம் மாதம் 9

ஒக்தான்,

காவலர் நல்ல மனிதர், எழுத விட்டிருக்கிறார். காற்று சரியானதும் படகு ஏறுவோம்.

ஹுக்சான் தீவுக்குத்தான் போகிறேன். உன் அண்ணனுடைய விடுதலை ஆணையும் இதே காவலரின் பையில் இருக்கிறது. நான் இறங்க, அவர் ஏறுவார். கரையில் ஒரு நிமிஷமாவது பேசவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். "மச்சான்" என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

மஞ்சள் உலையின் தாய்க்காசை நான் எடுத்துக்கொண்டு, பெட்டியில் வேறு காசை வைத்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அழகுக்கு ஆசைப்பட்டு எடுத்தேன், விற்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். உலைத் தலைவருக்கு விஷயம் தெரியாது, காசு சிறுத்ததைப் பார்த்துப் பயந்து உலோகத்தைப் புதைத்துவிட்டார் என்றும் சேர்த்திருக்கிறேன். காசையும் ஒப்படைத்துவிட்டேன். நம்பிவிட்டார்கள். தணிக்கை எழுத்தர்கள் திருடுவார்கள் என்று நம்புவது யாருக்கும் கஷ்டமில்லை. நாற்பது அடியோடு விட்டார்கள். பதினெட்டு வருடம் சரியாகக் கணக்கு எழுதியதற்காக மிச்ச நாற்பதைத் தள்ளுபடி செய்தார்களாம்.

நீயும் இதையே நம்பு. யார் எப்படிக் கேட்டாலும் இதுதான் நடந்தது.

இதில் பெரிய பொய்யும் இல்லை. வசந்தம்தோறும் அந்தப் பெட்டியைத் திறந்தவன் நான். விதிப்படி காசைக் கையில் எடுத்துத் தராசில் வைத்துத்தான் "உள்ளது" என்று எழுத வேண்டும். மற்ற மூன்று உலைகளிலும் அப்படித்தான் செய்தேன். மஞ்சள் உலையில் செய்யவில்லை. பெண் கொடுத்தவரின் பெட்டிக்குள் கைவிட்டு எடை பார்ப்பது மரியாதையாக இருக்காது என்று எட்டி மட்டும் பார்த்துவிட்டு எழுதினேன். மூன்று வருடம். முதல் வருடமே கையில் எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஏதாவது வழி பார்த்திருப்போம்.

கோபத்தில் வீசினேன் என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும், அப்படியே வைத்துக்கொள். சோற்றுக்குத் தண்ணீர் எவ்வளவு என்று நீ சொல்லவேயில்லை.

இன்ஹோ


ஹுக்சான் தீவு,
பத்தாம் மாதம் 26

ஒக்தான்,

கரையில் அவர் இல்லை.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன், இங்கே தாள் கிடையாது. இந்த மாதம் இரண்டாம் தேதியே உன் அண்ணன் போய்விட்டார். நான் துறைமுகத்தில் காற்றுக்குக் காத்திருந்தபோது அவர் மண்ணுக்குள் போய் ஏழு நாள். காவலர் ஆணையை விரித்து விதிப்படி உரக்கப் படித்தார். அந்த வீட்டுப் பெண் கேட்டுவிட்டு, "யாருக்குப் படிக்கிறீங்க?" என்றாள்.

அவர் இருந்த அறையையே எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரப் பெண் முரட்டுப் பேச்சுக்காரி, ஆனால் நல்லவள். அவரைக் குளிப்பாட்டி நல்ல துணி கட்டித்தான் அடக்கம் செய்தாளாம். "வலிக்குதான்னு கேட்டா சிரிப்பாரு. 'அக்கா, எங்க தொழில்ல எதுவும் ஆறும்போது சுருங்கும், நானும் ஆறிக்கிட்டு இருக்கேன்'ம்பாரு. பைத்தியக்கார ஆளு. அடுப்பு ஊதினா புகையே வராம ஊதுவாரு" என்றாள். உன்னைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றியும். நான் நல்லவன் என்று சொன்னாராம். அதை அவள் சொன்னபோது வெளியே எழுந்து போய்விட்டேன்.

மேட்டில் கடலைப் பார்த்த மாதிரிக் கல் வைத்திருக்கிறார்கள். தினமும் போகிறேன். புல் பிடுங்குவது தவிர அங்கே எனக்கு வேலை ஒன்றுமில்லை.

மேலங்கியை அனுப்பாதே. படகுக்காரன் கூப்பிடுகிறான், இதுதான் கடைசிப் படகு. உன்னை நான் இப்படி ஆக்கிவிட்டேன், ஒக்தான்.

இன்ஹோ


ஹான்யாங்,
ஆடு வருடம், இரண்டாம் மாதம் 11

உங்களுக்கு,

முதல் படகில் இது வந்து சேரும். நான்கு மாதமாக எழுதி எழுதி வைத்ததையெல்லாம் எரித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பாதியில் மடித்து வைத்தேன் என்று சொன்னேனே, உங்கள் ஏழாம் மாதக் கடிதம், அதை அண்ணனின் செய்தி வந்த வாரம் எடுத்து முழுதும் படித்தேன். தாய்க்காசு ஒன்றே ஒன்று. அது இல்லாவிட்டால் வருடத்துக்கு வருடம் காசு சிறுக்கும். அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அறுத்த நூல் மடியிலேயே இருந்தது. மூன்று மாதத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்றாரே, வசந்தத்தில் அச்சுக்காசு வார்க்கத்தான் அது வேண்டியிருந்தது என்று அப்போது தெரிந்தது. நிலத்தில் தலையை மோதிக்கொண்டேன்.

அக்கசாலை வாசலுக்குப் போனேன். என் இடுப்பில்தான் மூன்று வருடம் இருந்தது, என்னை அடியுங்கள் என்று சொன்னேன். வாசலில் இருந்த கிழட்டு எழுத்தர் என்னை ஓரமாக அழைத்துப்போனார். "அம்மா, அந்தப் பக்கத்தை மூடியாச்சு. நீங்க தொறந்தா, பொய் எழுதிக் குடுத்தான்னு உங்க வீட்டுக்காரர் தலையை வாங்குவாங்க. செத்தவரு எந்திரிச்சு வரப்போறதில்ல. வீட்டுக்குப் போங்க" என்றார். வந்துவிட்டேன்.

அண்ணன் அடிபட்டுக்கொண்டே உங்களை ஏன் பார்த்தார் என்று இப்போது தெரிகிறது. நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்களோ என்று பார்த்திருக்கிறார். கண்டுபிடித்தால் என்மேல் அல்லவா வரும். பிறகு நீங்கள் கண்டுபிடித்தீர்கள், அதே காரியத்தைச் செய்தீர்கள். மச்சானும் மாப்பிள்ளையும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி.

உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம். செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள், படுகிறேன். என்னை ஒருவரும் கேட்கவில்லையே. அண்ணன் சிரித்துக்கொண்டு கேட்டார். நீங்கள் தேதி கேட்டீர்கள், யார் கொடுத்தது என்று கேட்டீர்கள். "அது தாய்க்காசு, அது இல்லாமல் என் கை ஓடாது" என்று அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கையைத் திறந்திருப்பேன். நான் என்ன கல்லா? திறந்து கொடுத்துவிட்டு வெறும் குஞ்சத்தோடு சந்தோஷமாக இருந்திருப்பேன். என் கண்ணீருக்குப் பயந்து ஒருவர் செத்தார், ஒருவர் தீவுக்குப் போனார். நான் மட்டும் ஒன்றும் ஆகாமல் இருக்கிறேன்.

சரி. வீட்டு முத்திரையை எடுத்துவிட்டார்கள். ஜாடிகளைத் திறந்தேன். மூன்றில் பூஞ்சை, கொட்டிவிட்டேன். ஒன்று தப்பியிருக்கிறது. கல்லைத் தூக்கி வைத்து நன்றாக மூடியிருந்தீர்கள், அதனால்தான். சோற்றுக்கு, அரிசிமேல் உள்ளங்கையை வைத்தால் புறங்கை நனைகிற அளவு தண்ணீர். இதைச் சொல்ல எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

உங்கள் பேரேட்டில் என்னையும் எழுதிக்கொள்ளுங்கள். மனைவி ஒன்று, உள்ளது. ஆனால் இந்தத் தடவை எட்டிப் பார்த்துவிட்டு எழுதக் கூடாது. நான்காம் மாதப் படகில் வருகிறேன், வந்த பிறகு எழுதுங்கள். முதலில் மேட்டுக்குக் கூட்டிப் போங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அனுப்பாதே என்றீர்கள், மேலங்கியை அனுப்பியிருக்கிறேன். கடற்காற்று இன்னும் இருக்கும், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கை உங்களுக்கு நீளமாகத்தான் இருக்கும். வெட்டித் தைக்க எனக்கு மனம் வரவில்லை, மடித்து விட்டுக்கொள்ளுங்கள்.

ஒக்தான்